பீட் சதுப்பில் முதல் நடை: அயர்லாந்தின் கிளாராவில் தொடங்குங்கள்

சதுப்பு என்றாலே பாழ்நிலம் என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை கிளாராவுக்குப் போய்வர வேண்டும். அயர்லாந்தின் ஆஃபலி கவுண்டியில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவில் பெரிதும் அழியாமல் மிஞ்சியுள்ள பெரிய மேட்டுச் சதுப்புகளில் (படிவு சேர்ந்து சேர்ந்து மேடாக உயர்ந்த சதுப்பு) இதுவும் ஒன்று. சுமார் 1 கிலோமீட்டர் மரப்பலகை நடைபாதை இருப்பதால் புதியவர்களுக்கு ஏற்ற இடம்.

1. உருவான விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் போனால் வெறும் பழுப்புப் புல்வெளிதான் கண்ணில் படும். பனியுகம் முடிந்த காலத்தில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே ஏரி இருந்தது. கரையோர நாணல்கள் மடிந்து அடியில் படிந்தன. நீருக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் அவை முழுதாக மட்கவில்லை. அந்தப் படிவுதான் பீட். ஏரி தூர்ந்து, படிவு நிலத்தடி நீர்மட்டத்தைத் தாண்டி உயர்ந்ததும் செடிகளுக்கு மழைநீரே கதி. சத்தில்லாத அந்த நீரிலும் ஸ்பேக்னம் பாசி செழித்தது. தன் உலர் எடையைப்போல 20 மடங்கு வரை நீரைப் பிடித்துக்கொள்ளும். சுற்றியுள்ள நீரை அமிலமாக்கி, மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் ஒடுக்கிவிடும். நுனி வளர வளர அடி மடியும். இப்படி ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் பீட் சேரும். 1 மீட்டருக்கு ஆயிரம் ஆண்டுகள்! நீங்கள் பார்க்கப்போகும் மேட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

2. தயாராகுங்கள்

மழைச்சட்டை, பிடிமானமுள்ள நீர்புகாத காலணி, நீளக் காற்சட்டை. ஈரப்பலகை வழுக்கும். திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால்களைப் பாருங்கள்.

3. பலகையில் மண்டியிட்டுப் பாருங்கள்

நடப்பதைவிட நிற்பதுதான் இங்கே முக்கியம். கோடையில் பாசிக்கு நடுவே நகம் அளவு சிவப்பு இலைகள் தெரியும். அவற்றின் மயிர்நுனி ஒவ்வொன்றிலும் ஒரு பசைத்துளி மின்னும். நம் சித்த மருத்துவம் அறிந்த அழுகண்ணி என்ற பூச்சியுண்ணும் செடியின் உறவு இது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பக்கத்திலேயே வெண்பஞ்சு தலைகாட்டும் பஞ்சுக்கோரையையும் தேடுங்கள். எதையும் பறிக்காதீர்கள்.

4. பலகையை விட்டு இறங்காதீர்கள்

பளிச்சென்ற பச்சைப் பரப்பு பெரும்பாலும் நீர்மேல் மிதக்கும் பாசி. ஹெதர் என்ற குட்டைப் புதர் உள்ள திட்டு சற்றே உறுதியானது. அதுவும் மிதித்தால் சிதையும். பாதை இல்லாத வேறு சதுப்புகளுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்காமல், பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பிக்கொண்டு மெல்ல விடுவியுங்கள்.

5. சாலையையும் கவனியுங்கள்

சதுப்பின் குறுக்கே ராஹன் சாலை போகிறது. அதற்காக நீரை வடித்ததில் அப்பகுதி பல மீட்டர் அமிழ்ந்துவிட்டது. எரிபொருளுக்காக ஓரங்களில் பீட் வெட்டியதும் சேதத்தைக் கூட்டியது. இப்போது வடிகால்களை அடைத்து நீரைத் தேக்குகிறார்கள். அந்த அடைப்புகள் கண்ணில் பட்டால் அவற்றின்மேல் ஏறாதீர்கள்.