கையில் இருப்பதை வைத்து முதல் குறும்படம் எடுப்பது எப்படி?

நல்ல கேமரா வாங்கிய பிறகு படம் எடுக்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு அந்த நாள் வருவதே இல்லை. 2015இல் வெளியான ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ முழுநீளப் படமே ஐஃபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டதுதான். இன்று உங்கள் கையில் இருக்கும் போன் பெரும்பாலும் அதைவிடப் புதியதாகத்தான் இருக்கும். நான்கு நண்பர்கள், இரண்டு நாள், ஐந்து நிமிடப் படம் என்ற கணக்கில் தொடங்குவோம்.

1. கதைக்கு முன் பட்டியல்

கதை யோசிக்க உட்காராதீர்கள். காசில்லாமல் உங்களுக்குக் கிடைக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்: நண்பனின் மொட்டை மாடி, தாத்தாவின் சைக்கிள், மாலை ஆறு மணிக்கு மேல் காலியாகக் கிடக்கும் ஓர் அலுவலகம், நன்றாக அழத் தெரிந்த ஒரு தோழி. இந்தப் பட்டியலுக்குள்தான் கதையைத் தேட வேண்டும். 1992இல் ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் ‘எல் மரியாச்சி’யை எடுத்தது இப்படித்தான். ஒரு நாய், ஓர் ஆமை, ஒரு பஸ் என்று கைக்கு எட்டியவற்றைச் சுற்றியே திரைக்கதை எழுதினார். (அந்த 7,000 டாலர் கதையைக் கேட்டு ரொம்பவும் மயங்க வேண்டாம். படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவர, வாங்கிய ஸ்டூடியோ அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது.)

இல்லாததையும் எழுதிக்கொள்ளுங்கள். கெவின் ஸ்மித் தான் வேலை பார்த்த கடையிலேயே ‘கிளர்க்ஸ்’ படத்தை எடுத்தார். பகலில் வியாபாரம் நடக்கும் என்பதால் இரவில்தான் படப்பிடிப்பு. ஆனால் கதையோ பகலில் நடக்கிறது; ஜன்னல் வழியே இருட்டு தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். பூட்டில் யாரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டார்கள், அதனால் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டார். ஜன்னல் பிரச்சினை தீர்ந்தது, ஒரு நகைச்சுவையும் கிடைத்தது.

2. ஒத்திகைக்குக் காசு தேவையில்லை

கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’ ஏறக்குறைய ஓராண்டு, வார இறுதிகளில் மட்டும் எடுக்கப்பட்டது. ஃபிலிம் விலை கட்டுப்படியாகாது என்பதால் முன்கூட்டியே நிறைய ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். போனில் எத்தனை டேக் வேண்டுமானாலும் போகலாம், சரி. ஆனால் பதினைந்தாவது டேக்கில் நடிப்பவரின் முகத்தில் உயிர் இருக்காது. அதோடு, அந்தப் பதினைந்தையும் உட்கார்ந்து பார்க்கப்போவது நீங்கள்தான்.

3. போனைத் தயார் செய்யுங்கள்

ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். லென்ஸைத் துடையுங்கள். திரையில் நடிப்பவரின் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவையும்) லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் அசையும்போதெல்லாம் படம் வெளுத்தும் கறுத்தும் போகும். ஜூம் வேண்டாம், நீங்களே நெருங்கிப் போங்கள். விளக்குக்கு ஜன்னல் போதும். வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி ஆளை உட்காரவைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் இளகிவிடும்.

4. ஒலி: கவனமெல்லாம் இங்கே

கொஞ்சம் மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

என் முதல் படத்தை ஒரு சமையலறையில் எடுத்தேன். எடிட்டிங்கில் ஹெட்ஃபோன் மாட்டியபோதுதான் தெரிந்தது, ஒரு ஷாட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, அடுத்ததில் அமைதி, அதற்கடுத்ததில் மறுபடி உறுமல். முழுக்க டப்பிங் செய்ய வேண்டியதாயிற்று. அதனால் ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணையுங்கள். அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடவும் ஞாபகம் வரும்.

கேமரா போனில் உள்ள மைக்கை நம்பாதீர்கள். இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஃப்ரேமுக்கு வெளியே, பேசுபவரின் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன் ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். எடிட்டிங்கில் உள்ளங்கைகள் சேரும் ஃப்ரேமையும் அந்த ‘டப்’ சத்தத்தையும் பொருத்தினால் வேலை முடிந்தது. அப்புறம், ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

5. எடிட்டிங்

அன்றன்றைக்கு எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் காப்பி செய்யுங்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்த அளவு படத்துக்குத் தாராளம். ஷாட்களை வரிசையாக ஒட்டிய முதல் வெட்டு எட்டு நிமிடம் வரும். யாராவது கதவைத் திறப்பது, நடந்து வருவது, உட்காருவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், ஐந்துக்கு வந்துவிடும். பிரபலமான பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமை வாங்காத இசை இருந்தால் படமே முடக்கப்படலாம்.

6. வெளியிடும் முன்

முடித்த மகிழ்ச்சியில் உடனே யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். சில திரைப்பட விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வந்த படங்களை எடுத்துக்கொள்வதில்லை. அனுப்ப நினைக்கும் விழாவின் விதிகளை முதலில் படியுங்கள். விழா வேண்டாம் என்றால், சப்டைட்டில் போட்டு இன்றைக்கே ஏற்றுங்கள்.