வகுப்பறையில் தொழில்நுட்பம்: பாடக்குறிப்பிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

"காணொலி காட்டுதல் – 15 நிமிடம்." தொழில்நுட்பத்தைப் பாடத்தோடு இணைத்துவிட்டதாகச் சொல்லும் பல பாடக்குறிப்புகளில் இந்த ஒரு வரிதான் இருக்கும். அந்த 15 நிமிடத்தில் மாணவர்கள் எதை யோசிப்பார்கள், ஆசிரியர் எந்த இடத்தில் நிறுத்துவார், நிறுத்திவிட்டு என்ன கேட்பார் என்று எதுவும் எழுதியிருக்காது. புரொஜெக்டர் பழுதாகி வீணாகும் வகுப்புகளைவிட இப்படி எழுதாமல் விட்டதால் வீணாகும் வகுப்புகளே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

கருவி வந்தால் கற்றல் தானே நடந்துவிடும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும், திரைப்படமே கற்பித்துவிடும் என்று 1913இலேயே தாமஸ் எடிசன் சொன்னார். வானொலி, தொலைக்காட்சி, கணினி ஒவ்வொன்றும் வந்தபோது இதே எதிர்பார்ப்பு எழுந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்விக்கான கணினி வசதிகளில் பெருமளவு முதலீடு செய்த நாடுகளின் மாணவர்கள், பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிட அந்த அமைப்பு நடத்தும் பிசா தேர்வின் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை என்றது அது. இதை வைத்துக்கொண்டு வகுப்பில் கருவிகளே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. வாங்கி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் பிழை.

கருவி முதலில், பாடம் பிறகு

பயிற்சி முகாமில் ஒரு செயலியை அறிமுகப்படுத்துகிறார்கள். திரும்பி வந்ததும் அதற்குப் பொருந்தும் பாடம் எது என்று தேடத் தொடங்குகிறோம். வரிசை இங்கேயே தலைகீழாகிவிடுகிறது. பாட முடிவில் மாணவருக்கு என்ன வர வேண்டும், அது வந்துவிட்டதை எப்படி அறிவேன், இந்தப் பாடத்தில் அவர்கள் வழக்கமாக இடறும் இடம் எது என்ற மூன்றையும் எழுதிய பிறகே கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று கல்வி ஆய்வாளர்களான புண்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் விளக்கினார்கள். ஆனால் நம் பயிற்சிகள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் தனியே பிரித்துச் சொல்லித்தருகின்றன.

பூவின் பாகங்களைப் படிக்க, கையில் ஒரு பூ இருந்தால் போதும். அதற்கு முப்பரிமாணப் படம் தேவையில்லை. இதயத்துக்குள் இரத்தம் செல்லும் பாதை, கோள்களின் இயக்கம், கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் போன்றவற்றைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அங்கேதான் திரை உண்மையில் உதவுகிறது.

மாணவர் யோசிக்க வேண்டியதைத் திரை யோசித்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் நினைப்பது இதைத்தான். மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மீதிதான் இரண்டாவதற்குப் போகும் என்று நம்பும் மாணவர்கள் ஏராளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' இணையதளத்தில், திரையிலேயே செய்துபார்க்கும் பாவனைச் சோதனை இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஆசிரியர் திரையில் ஓட்டிக் காட்டி, "பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன" என்று சொன்னால் வகுப்பே தலையாட்டும். ஆனால் மனத்தில் இருந்த பழைய நம்பிக்கை அப்படியேதான் இருக்கும்.

அதே சோதனையை வேறு விதமாக நடத்தலாம். திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகையில் சுற்றை வரையுங்கள். எது பிரகாசமாக எரியும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் காரணத்தைச் சொல்லட்டும். அதன் பிறகு திரையை இயக்கி, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டுங்கள். அளவு மாறாது. "அப்படியானால் பேட்டரியில் இருந்து தீர்ந்துபோவது எது?" என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும். மின்னோட்டத்திலிருந்து ஆற்றலுக்குப் பாடம் அங்கே தானாக நகரும். திரை ஓடியது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் மாணவர்கள் வாதாடியிருப்பார்கள். பாடக்குறிப்பில் எழுத வேண்டியது இந்த வரிசையைத்தான்: கணிப்பு, காரணம், சோதனை, கேள்வி.

வினாடி வினா செயலிகளிலும் இதே சிக்கல் உண்டு. யார் முதலில் அழுத்தினார்கள் என்பதற்கு மதிப்பெண் தருவதால் யோசிப்பவர் பின்தங்கிவிடுகிறார். முடிவில் முதல் மூன்று பெயர்களுக்குக் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆசிரியருக்குப் பயன்படும் தகவல் தவறான விடைகளில்தான் இருக்கிறது. எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவது எளிய முறை. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விடையைச் சொல்லாமல் மாணவர்களைத் தங்களுக்குள் விவாதிக்கவிட்டு, மறுபடியும் வாக்களிக்கச் சொல்வார். இதற்கு வண்ண அட்டைகளே போதும், செயலிகூட வேண்டாம்.

ஸ்லைடுகளைப் பற்றி ஒரு சொல். படத்தைக் காட்டி விளக்கும்போது, வாயால் சொல்வதையே வரி மாறாமல் திரையிலும் எழுதிவைத்தால் கற்றல் குறைகிறது என்பது உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் தெரிந்தது. பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் அலங்கார அசைவுகளும் அப்படியே. நீக்கிவிடுங்கள்.

மூடச் சொல்வதும் பாடத்தின் பகுதி

டேப்லெட்டையோ மடிக்கணினியையோ எப்போது திறக்க வேண்டும் என்று எழுதுகிறோம். எப்போது மூட வேண்டும் என்று எழுதுவதில்லை. வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்த மாணவர்கள் தேர்வில் பின்தங்கினார்கள், அவர்களின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் பின்தங்கினார்கள் என்று கனடாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒருவரின் கவனச் சிதறல் அவரோடு நிற்பதில்லை.

நடைமுறைப் பிழைகளும் சில உண்டு. வீட்டுக் கணினியில் ஓடிய கோப்பு வகுப்புக் கணினியில் ஓடுமா என்று முந்தைய நாளே பாருங்கள். காணொலியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் விளம்பரம் வராது. கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைவதிலேயே கால்வாசிப் பாடவேளை போய்விடும் செயலியை விட்டுவிடலாம். மின்சாரமோ இணையமோ இல்லாவிட்டால் அதே கேள்விகளைக் கரும்பலகையில் நடத்த முடிய வேண்டும். முடியாது என்றால் அந்தப் பாடக்குறிப்பு இன்னும் முடியவில்லை.

வீட்டுப்பாடமாகக் காணொலிக்கான இணைப்பை அனுப்பும்போது இன்னும் கவனம் தேவை. பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான், அதுவும் இரவில்தான் பிள்ளையின் கைக்கு வரும். அதைத் திறந்து பார்க்க முடியாமல்போன மாணவரை அந்த வகுப்பிலேயே பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம். அச்சிட்ட ஒரு பக்கத்தையும் கூடவே கொடுங்கள். மாணவரின் பெயரையும் பிறந்த தேதியையும் படத்தையும் கேட்கும் செயலிகளில் அவற்றைப் பதியும் முன் நிதானியுங்கள். பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதே இல்லை.

கடைசியாக, செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பாடக்குறிப்பையே அதனிடம் கேட்டு வாங்கும் வழக்கம் பரவிவிட்டது. வருவது பார்வைக்கு முழுமையாக இருக்கும். ஆனால் உங்கள் வகுப்பில் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் திணறும் ஐந்து பேரை அதற்குத் தெரியாது. இல்லாத தகவலையும் உறுதியான குரலில் சொல்லிவிடும். முழுப் பாடத்தையும் கேட்பதற்குப் பதில் சிறு துண்டுகளாகக் கேளுங்கள்: இந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எவை, இதே கணக்கை வேறு எண்களில் பத்து விதமாகக் கொடு என்பது போல. வருவதில் உங்கள் மாணவர்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.