படத்தில் சர்ச் வருகிறதா? எந்தச் சர்ச்?

போன மாதம் ஒரு குறும்படக் கதை என்னிடம் படிக்க வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம், அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். மூன்றாவது காட்சியில் கதாநாயகி ஒரு மரத்தடுப்பின் முன் முழந்தாளிட்டு, "ஃபாதர், நான் பாவம் செஞ்சிட்டேன்" என்கிறாள். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது. உதவி இயக்குநராக இருந்தபோது இதே தவறால் இரண்டு நாள் படப்பிடிப்பைக் காவு கொடுத்தவன் நான்.

அடியாளுக்கு ராபர்ட் என்று பெயர் வைக்காதீர்கள், கவுன் போட்டவளைக் காபரே ஆட விடாதீர்கள் என்றெல்லாம் இன்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இது அக்கறையோடு எழுதுகிறவர்களும் விழுகிற குழிகளைப் பற்றியது.

ஆர்.சி.யையும் சி.எஸ்.ஐ.யையும் ஒன்றாகக் குழைப்பது

நான் தூத்துக்குடி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவன். அந்தத் தைரியத்தில், "கிறிஸ்தவக் காட்சிதானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். கதை நடப்பதோ திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. ஊரில். பாவசங்கீர்த்தனப் பெட்டி அடித்தோம்; ஆர்.சி. கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற மரத்தடுப்பு அது. பீடத்துக்குப் பக்கத்தில் மாதா சொரூபம் வைத்தோம். போதகராக நடித்தவருக்குப் பூசை உடுப்பு மாட்டினோம். இரண்டாம் நாள் சாயங்காலம், வேடிக்கை பார்க்க வந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, எங்க ஐயருக்கு எதுக்கு இந்தப் பெட்டி? அவரு பொண்டாட்டி பிள்ளையோட கோயிலுக்குப் பின்னாலதான இருக்காரு. மாதாவ யாரு இங்க கொண்டாந்தது?"

அந்தப் பக்கத்தில் ஐயர் என்றால் சி.எஸ்.ஐ. போதகர். அவருக்குக் கல்யாணம் உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆர்.சி. சாமியாருக்குக் கிடையாது. ஐயர் மகளை வைத்துக் காதல் கதை எழுதலாம். சாமியார் மகள் என்றால் அது வேறு மாதிரிக் கதை.

தொல்லை பெட்டியோடு முடியவில்லை. கதாநாயகி அந்தப் பெட்டிக்குள் ரகசியத்தைச் சொல்வதுதான் கதையின் முடிச்சு. பெட்டியைத் தூக்கியதும் முடிச்சும் போயிற்று. அன்று ராத்திரியே, அவள் ஐயரம்மாவிடம் அடுப்படியில் உட்கார்ந்து சொல்வதாக மாற்றி எழுதினோம். படத்தில் அந்தக் காட்சி நன்றாகவே வந்தது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். இரண்டு நாள் செலவு என் தலையில் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான்.

கிறிஸ்தவனாகப் பிறந்தது போதும் என்று நினைத்தது என் தவறு. பக்கத்துக் கோயிலுக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பது அந்தப் பாட்டி கேட்ட பிறகுதான் உறைத்தது.

காலத்தை மறப்பது

1930-இல் நடக்கும் கதையில் 'சி.எஸ்.ஐ. ஆலயம்' என்று பலகை மாட்டாதீர்கள். அந்தத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பரில்தான். அதேபோல, 1950-களின் ஆர்.சி. கோயிலில் சாமியார் மக்களைப் பார்த்து நின்று தமிழில் பூசை வைக்க மாட்டார். பீடத்தைப் பார்த்து நிற்பார், பூசை லத்தீனில் நடக்கும். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டித்தான் இது மாறியது. அன்றைய ஆர்.சி. பாட்டி 'தூய ஆவி' என்றும் சொல்ல மாட்டார். அவர் வாயில் 'இஸ்பிரீத்து சாந்து'தான்.

எல்லோரையும் ஒரே தமிழ் பேச வைப்பது

ஆர்.சி. வீட்டில் பூசைக்கோ திருப்பலிக்கோ போவார்கள், சி.எஸ்.ஐ. வீட்டில் ஆராதனைக்கு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள் ஆர்.சி.யில் தவக்காலம்; சி.எஸ்.ஐ.யில் லெந்து நாட்கள். சாம்பல் புதனை ஆர்.சி.யில் திருநீற்றுப் புதன் என்பார்கள், அதை ஒரு வசனகர்த்தா எழுத்துப்பிழை என்று அடித்துவிட்டார். அப்புறம், கிராமத்தில் 'சர்ச்' என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள் குறைவு. கோயில் என்பார்கள்.

கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைக் கவுன்

பெரும்பாலும் புடவைதான், தலையில் நெட். பலருக்குத் தாலியும் உண்டு. அதில் சிலுவையோ புறாவோ இருக்கும்.

பெந்தெகொஸ்தே அம்மாவுக்குக் கம்மல்

பல சபைகளில் நகையே கிடையாது. கழற்றச் சொல்லுங்கள்.

பெரிய வெள்ளியன்று ஆர்.சி. கோயில் மணி

அடிக்காது.

சரி, அந்தக் குறும்படத் தம்பிக்குப் போன் செய்து, "உன் கதையில் வருவது எந்தச் சர்ச்?" என்று கேட்டேன்.

"சர்ச்தான்ணே" என்றான்.