இசட் புள்ளி வந்துவிட்டது, இனி விண்ணப்பம்: வன்னி மாணவருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் பாடத்துக்குப் பாடம் ஏ, பி, சி, எஸ் இருக்கும். அதோடு பொதுச் சாதாரணப் பரீட்சைப் புள்ளி, நான்கு தசமத்தில் இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. 75 எடுத்தவருக்கும் ஏ, 95 எடுத்தவருக்கும் ஏ. இருவரின் இசட் புள்ளிக்கும் நடுவில் நூற்றுக்கணக்கானோர் நிற்கலாம்.

கணக்கு இப்படி. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லாரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து நிற்கின்றன என்ற அளவு) வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் அப்படி வந்ததைக் கூட்டி மூன்றால் வகுத்தால் இசட் புள்ளி. விளங்குவதற்காக எண்களை வைத்துப் பார்ப்போம். பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 16, நீங்கள் 64 என்றால் 1.5. இரசாயனவியலில் சராசரி 45, விலகல் 15, நீங்கள் 60 என்றால் 1.0. உயிரியலில் சராசரி 50, விலகல் 20, நீங்கள் 66 என்றால் 0.8. கூட்டினால் 3.3, மூன்றால் வகுத்தால் 1.1000. உயிரியலில் எடுத்த 66தான் மூன்றிலும் கூடிய புள்ளி. ஆனால் மிகக் குறைந்த இசட்டைத் தந்ததும் அதுவே. மற்றவர்களுக்கும் கடினமாக இருந்த பாடத்தில் எடுக்கும் புள்ளிக்கு இங்கே மதிப்பு அதிகம்.

மறுமுறை எழுதப் போகிறவர்கள் இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். விலகல் 15 உள்ள பாடத்தில் பத்துப் புள்ளி கூடினால், மொத்த இசட் 0.22 அளவு ஏறும். விலகல் 20 என்றால் 0.17தான். ஒரு நெறிக்குக் கடைசியாகத் தெரிவானவரின் இசட்தான் வெட்டுப்புள்ளி. அதுவோ 0.01, 0.02 வித்தியாசத்தில் ஆளைத் தள்ளிவிடும். பல்தேர்வு வினாவில் பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 எடுக்காமல் மூன்று ஏ வைத்திருந்தும் பயனில்லை. மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியாக வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைக்கு மேல் எழுதவும் முடியாது.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்கள் மூன்றாகப் பிரியும். 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு. சில நெறிகளுக்கு முழுக்க அகில இலங்கைத் திறமைதான், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் சொல்லும். 1970களின் தரப்படுத்தலை மனதில் வைத்து மாவட்டக் கோட்டா என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்மொழி மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட அன்றைய மொழிவாரித் தரப்படுத்தல் அநியாயம்தான். ஆனால் மாவட்ட ஒதுக்கீடு வன்னிப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது என்பதையும் மறுக்க முடியாது.

வாசல் திறந்தாலும் அது ஒடுங்கிய வாசல். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் சனத்தொகை ஏறத்தாழ 92 ஆயிரம், நாட்டினது 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். அரை சதவீதம்கூட இல்லை. ஒரு நெறியில் நாடு முழுவதும் ஆயிரம் இடம் என்றால், 55 சதவீதப் பங்கில் முல்லைத்தீவுக்கு வருவது இரண்டு அல்லது மூன்று இடம். மேலதிக 5 சதவீதத்தால் இன்னொன்று கூடலாம். இடம் இவ்வளவு குறைவென்றால், கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ வெட்டுப்புள்ளி துள்ளும். எனவே "போன வருசம் இவ்வளவுக்குக் கிடைச்சது" என்ற கதையை நம்பி வன்னியில் முடிவெடுக்கக் கூடாது. நான்கைந்து ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை உங்கள் மாவட்ட நிரலில் எழுதிப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் உங்கள் மாவட்ட நிலை. மூன்று இடமுள்ள நெறிக்கு நீங்கள் நாலாவது என்றால், முன்னால் நிற்கும் ஒருவர் அகில இலங்கைத் திறமையில் போனாலோ வேறு நெறியை விரும்பினாலோ இடம் உங்களுக்குத்தான்.

வெட்டுப்புள்ளி அட்டவணையில் சில கட்டங்களில் எண் இராது, என்.கியூ.சி. என்று இருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து தகுதியான விண்ணப்பதாரி எவரும் இல்லை என்று அர்த்தம். நெறி மூடப்பட்டது என்று நினைத்துக் கடந்து போகிறவர்களே அதிகம். உங்கள் பாடச் சேர்க்கைக்குப் பொருந்தினால் அப்படிப்பட்ட கட்டங்களைக் குறித்து வையுங்கள்.

இனி விருப்ப ஒழுங்கு. பெரும்பாலான பிழைகள் இங்கேதான். ஒவ்வொரு நெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யூனிகோட் உண்டு, மூன்று இலக்கமும் ஓர் எழுத்தும். கைநூலை எடுத்து, உங்கள் பாடங்களுக்குத் தகுதியான கோட்களை எல்லாம் கொப்பியில் எழுதுங்கள். பிறகு வெட்டுப்புள்ளியைப் பாராமல், விருப்பத்தின்படி மட்டும் வரிசைப்படுத்துங்கள். தெரிவு உங்கள் பட்டியலின் மேலிருந்து கீழே வரும், புள்ளி போதுமான முதல் இடத்தில் நிற்கும். முதலாவது கிடைக்காவிட்டால் ஐந்தாவதில் உங்கள் உரிமை ஒரு துளியும் குறையாது. மருத்துவத்தை முதலில் போட்டால் விவசாயமும் பறிபோகும் என்பது வெறும் பயம். மாறாக, பயந்து விவசாயத்தை மேலே போட்டால், மருத்துவத்துக்குப் புள்ளி போதுமாக இருந்தாலும் விவசாயம்தான் வரும். அதைத் திருத்த ஒருவராலும் முடியாது.

பட்டியலைச் சுருக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர் பீடங்களும் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக அவற்றோடு நிறுத்திவிட்டு, வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் விடுகிறவர்கள் பலர். போக மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் விடுங்கள்.

படிவம் நிரப்புவது இணையத்தில். கொமினிகேசன் கடைக்காரரின் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லும் பின்வரும் அறிவித்தல்களும் அதற்குத்தான் போகும். பெயரின் முதலெழுத்து, அடையாள அட்டை எண், சுட்டெண் மூன்றையும் பெறுபேற்றுத் தாளை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். மாவட்டம் என்ற இடத்தில் வீட்டு விலாசத்தை நினைக்க வேண்டாம். பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதே முக்கியம். உயர்தரத்துக்காக மல்லாவியிலிருந்து யாழ்ப்பாணப் பாடசாலைக்குப் போனவர்கள் அந்த விதியை வரிவரியாக வாசித்து, பழைய, புதிய அதிபர்கள் இருவரிடமும் கற்ற காலத்துக்கான உறுதிப்படுத்தலைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிழையான மாவட்டம் போட்டுப் பின்னால் பிடிபட்டால் இடமே போகும். முடிந்ததும் அச்செடுத்து, கேட்ட பிரதிகளுடன் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால் கடைசி நாளுக்குக் காத்திராமல் அனுப்புங்கள். மழைக்காலத்தில் தபாலும் இணையமும் ஒன்றாகப் படுத்துவிடும்.

கட்டடக்கலை, இசை, நடனம் போன்றவற்றுக்குத் தகைமைப் பரீட்சை தனி. அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் விண்ணப்பத்தை, அது குறிக்கும் திகதிக்குள் தனியே அனுப்ப வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போட்டது அதற்குப் போதாது. அந்த நெறியின் யூனிகோட்டை மட்டும் பட்டியலில் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போகாதவர்களுக்கு அந்த வரி வெற்று வரி.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தவர்கள் அந்த முடிவுக்காக அனுமதி விண்ணப்பத்தைப் பிற்போடக் கூடாது. இரண்டும் சமகாலத்தில் ஓடட்டும். இன்னொரு முறை எழுதும் எண்ணம் உள்ளவர்கள், தெரிவான பிறகு பதிவு செய்தால் அடுத்த பெறுபேற்றோடு மீண்டும் போட்டியிட முடியுமா என்பதைக் கைநூலில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். தெரிவுக் கடிதத்தில் உள்ள பதிவுத் திகதி தவறினால் இடம் வெற்றிடக் கணக்கில் சேர்ந்து, நிரலில் உங்களுக்குக் கீழே நிற்பவருக்குப் போகும்.