மதத்தைப் பாடமாகப் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம், சமணம் என்று தனித்தனித் துறைகளே இருக்கின்றன. வடசென்னையிலிருந்து அங்கே படிக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சிலவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் சின்ன வயசிலேயே தெரியும்" என்ற நினைப்போடு வகுப்பில் உட்காருவதுதான் பெரிய தவறு. தேவாரம் பாடிய சுந்தரர் மகிழ மரத்தடியில் தன் மனைவி சங்கிலியாருக்கு "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுத்து, அதை மீறியதால் கண்ணை இழந்த கதை திருவொற்றியூரில் யாருக்குத் தெரியாது? ஆனால் கதையை அப்படியே எழுதினால் அது ஆய்வாகாது, "இதெல்லாம் கட்டுக்கதை" என்று தள்ளிவிட்டாலும் ஆகாது. சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதைப் பாடுகிறார். அதே நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜ சோழன் திருவொற்றியூர்க் கோயிலில் உட்கார்ந்து சுந்தரர் புராணம் கேட்டதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஒரு ராஜா ஏன் வந்து கேட்டான், இன்றைக்கும் மாசித் திருவிழாவில் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டும் மகிழடி சேவையை யார் எடுத்து நடத்துகிறார்கள், அதில் யாருக்கு என்ன உரிமை என்று கேளுங்கள், பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், புத்தகத்தை வைத்து மனிதர்களை அளக்காதீர்கள். காசிமேட்டில் ஒரு அம்மா ஆடியில் கூழ் ஊற்றுவார், பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கும் போய் மெழுகுவத்தி ஏற்றுவார். அதை அறியாமை என்றோ குழப்பம் என்றோ எழுதிவிட்டால், அவர் எதை எங்கே வேண்டிக்கொள்கிறார் என்ற விஷயமே கைநழுவிப் போகும்.

களப்பணியில் மரியாதை முக்கியம். ராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சி அக்னி ஆலயத்துக்குள் மற்ற மதத்தவருக்கு அனுமதி இல்லை. வாட்ச்மேனைக் கெஞ்சி எட்டிப் பார்க்க வேண்டாம், அந்தச் சமூகத்தவர் நேரம் கொடுத்தால் வெளியே உட்கார்ந்து பேசுங்கள், சொன்னவர் பெயரைக் கேட்காமல் போடாதீர்கள்.

வீட்டில் "சாமியாராகப் போறியா?" என்பார்கள். மதத்தைப் போதிப்பது வேறு, மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் முதலாவதைத்தான் தடுக்கிறது. இரண்டாவதற்குத் தடை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வீட்டில் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.