சுயேச்சை வேட்பாளருக்கு நிதி திரட்டும் கூட்டம்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஒருவருக்காக ஏழு பேர் சேர்ந்து ஒரு நிதி திரட்டும் கூட்டம் போட்டோம். கட்சி கிடையாது, பின்னால் பெரிய ஆள் யாரும் கிடையாது. யாராவது பணம் தருவார்களா என்று அன்றைக்கு மதியம் வரை பயந்துகொண்டே இருந்தோம். தந்தார்கள், நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே தந்தார்கள். அந்தப் பணத்தை எங்கே போடுவது, எப்படிச் செலவழிப்பது, யாருக்குக் கணக்குக் காட்டுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். அதைச் சரிசெய்யப் பத்து நாள் ஆனது, அதுவும் பிரச்சாரத்துக்கு இருந்த கொஞ்ச நாளில் பத்து நாள்.

அடுத்து செய்பவர்களுக்கு அந்தப் பத்து நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இது சட்டமன்றத் தேர்தலில் கட்சி சாராமல் நிற்பவர்களுக்கானது. உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது, அங்கே செலவு வரம்பும் படிவங்களும் வேறு, அதனால் இதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம். ஆட்களைக் கூப்பிடுவது, வாட்ஸ்அப் குழு தொடங்குவது, மேடைப் பேச்சு இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தாண்டிப் போகிறேன்.

முதலில் வங்கிக் கணக்கு, மற்றதெல்லாம் அப்புறம்

வேட்பாளர் தேர்தல் செலவுக்கென்றே புதிதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். வேட்புமனு தாக்கல் செய்வதற்கு ஒரு நாள் முன்பாவது அது இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். ஏற்கெனவே வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. வேட்பாளர் தனியாகத் தொடங்கலாம், இல்லையென்றால் தன் தேர்தல் முகவரோடு (தேர்தல் வேலைக்கு வேட்பாளர் தன் சார்பில் நியமிப்பவர்) சேர்ந்து தொடங்கலாம். மனைவி, கணவர், அண்ணன் என்று குடும்பத்தில் ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக வைக்க முடியாது (அவரே தேர்தல் முகவராக இருந்தால் மட்டும் சரி). அஞ்சலகத்தில்கூடத் தொடங்கலாம். தேர்தல் செலவுக்கான எல்லாப் பணமும், வேட்பாளர் தன் சொந்தக் கையிலிருந்து போடுவதும்கூட, இந்தக் கணக்குக்குள் வந்துதான் வெளியே போக வேண்டும்.

"ஒரு நாள் முன்பு" என்று விதியில் இருப்பதை நம்பி நாங்கள் சரியாக ஒரு நாள் முன்புதான் தொடங்கினோம். கணக்கு எண் கிடைத்துவிட்டது, மனுவும் தாக்கல் செய்தாகிவிட்டது. ஆனால் டெபிட் கார்டு வந்து சேரவில்லை, அதனால் அந்தக் கணக்கில் யூபிஐ பதிவு செய்ய முடியவில்லை, கியூஆர் கோடும் இல்லை. கூட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. எங்களில் ஒருவர், "என் கியூஆரை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மொத்தமாக மாற்றிவிடலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், நாங்களும் யோசிக்காமல் அதையே அச்சடித்து மேசையில் ஒட்டினோம். 41 பேர் அதில் பணம் போட்டார்கள். அன்று இரவே மைக் செட்காரருக்கும் நாற்காலிக்காரருக்கும் அந்தக் கணக்கிலிருந்தே கொடுத்துவிட்டோம்.

இதில் இரண்டு தப்பு இருந்தது. நன்கொடை வேட்பாளரின் தேர்தல் கணக்குக்கு வராமல் வேறொருவர் கணக்கில் போய் உட்கார்ந்தது ஒன்று. இன்னொன்று பெரியது: வேட்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல், அவரை ஜெயிக்க வைப்பதற்காகக் கூட்டமோ விளம்பரமோ நடத்தி வேறு யாராவது செலவு செய்தால் அது குற்றம். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவு, அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். வேட்பாளருக்காகச் செய்த செலவு, அதைச் செய்தவர் மேலேயே வழக்காக வந்து நிற்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தேர்தல் அதிகாரிகள் வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பார்க்கும் முதல் ஆய்வுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. செலவினப் பிரிவில் இருந்த அதிகாரி கோபப்படவில்லை, வழி சொன்னார். 41 பேரிடமும் திரும்பப் போய் பெயர், முகவரி, தொகை, கையெழுத்து வாங்கினோம். நண்பர் கணக்கில் மீதியிருந்ததை ஒரே பரிமாற்றமாகத் தேர்தல் கணக்குக்கு அனுப்பினோம். அவர் ஏற்கெனவே கொடுத்த வாடகையை நன்கொடையாகவும் செலவாகவும் இரண்டு பக்கமும் எழுதி, நடந்ததை விளக்கி வேட்பாளர் ஒரு கடிதம் கொடுத்தார். 41 பேரில் ஆறு பேர் வெளியூர் போயிருந்தார்கள். பத்து நாள் போனது இப்படித்தான்.

எனவே மனு தாக்கலுக்கு இரண்டு வாரம் முன்பே கணக்கைத் தொடங்கி, கார்டு வந்து, கியூஆர் வேலை செய்கிறதா என்று ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூட்டத்துக்குத் தேதி வையுங்கள். தேதியை வைத்துவிட்டுக் கணக்குக்கு ஓடாதீர்கள். உங்கள் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், யார் எதற்குச் செலவு செய்யலாம் என்று வேட்பாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் அதே நாளில் வாங்கிவிடுங்கள், ஒரு பக்கம் போதும்.

இடமும் அனுமதியும்

கூட்ட அனுமதிக்குத் தேர்தல் ஆணையத்தின் 'சுவிதா' தளத்தில் குறைந்தது 48 மணி நேரம் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, அதனால் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுவது நல்லது.

நாற்காலி, பந்தல், மைக், டீ எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப் பட்டியல் வெளியிடுவார். அதை முதலிலேயே வாங்கி வையுங்கள். தெரிந்தவர் நாற்காலியைப் பாதி வாடகைக்குக் கொடுத்தாலும் பட்டியல் விலையில்தான் உங்கள் செலவைக் கணக்கிடுவார்கள். கூட்டத்தை வீடியோ எடுக்க ஒரு குழு வரும். அவர்கள் எடுத்ததைப் பார்த்து எத்தனை நாற்காலி, எத்தனை பேனர் என்று எண்ணி 'நிழல் பதிவேடு' ஒன்றில் எழுதுவார்கள், பிறகு உங்கள் கணக்கோடு ஒப்பிடுவார்கள். நீங்களும் கூட்டம் தொடங்கும் முன் மண்டபத்தை நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் நிழல் பதிவேட்டில் 200 நாற்காலி என்று இருந்தது, உண்மையில் 150. படத்தைக் காட்டியதும் திருத்திவிட்டார்கள்.

சாப்பாடு போடாதீர்கள். வாக்காளருக்கு உணவும் பானமும் கொடுத்து ஓட்டை வளைப்பது சட்டப்படி லஞ்சத்தில் சேரும். உங்கள் எண்ணம் அதுவாக இல்லாவிட்டாலும், இலை போட்ட படம் ஒன்று வெளியே போனால் விளக்கம் சொல்லியே மாளாது. நாங்கள் தண்ணீர் மட்டும் வைத்தோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அழைப்பிதழ், துண்டறிக்கை எதுவாக இருந்தாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127ஏ பிரிவு. அச்சகத்துக்காரர்களுக்கு இது தெரியும், அவர்கள் கேட்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

ரசீது

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: எண்ணிட்ட, கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம்தான் வேண்டும். ஆன்லைன் படிவம் வைக்கலாம் என்று எங்கள் குழுவில் இளைஞர்கள் சொன்னார்கள், வைத்தும் பார்த்தோம், வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். ரசீதுப் புத்தகத்தில் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம், அடிக்கட்டை நம்மிடமே இருக்கும், எண் வரிசையில் ஒன்று விட்டுப்போனால் உடனே தெரியும். கணினியில் ஏற்றுவதை இரவு வீட்டில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

கூட்டு நிதி திரட்டும் இணையதளங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணம் பிடித்துக்கொண்டு மொத்தமாக அனுப்புவார்கள், யார் எவ்வளவு கொடுத்தார் என்று வங்கி அறிக்கையில் தனித்தனியாகத் தெரியாது. நேராகத் தேர்தல் கணக்கின் கியூஆர், அதுபோக ரசீது. இது போதும்.

யூபிஐயில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். வங்கி அறிக்கையில் கொடுத்தவர் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வரும், சிலருக்குப் பெயரே புரியாது. மகன் போனிலிருந்து அப்பா போடுவார், மகன் பெயரில் வரும். எனவே பணம் போட்டதும் அவர் போனில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை அடிக்கட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரசீது எண், பெயர், முகவரி, தொகை, 12 இலக்கம், இந்த ஐந்தும் இருந்தால் எந்த ஆய்விலும் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

ரொக்கமாக ஒருவரிடம் மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ஒரே நாளில் என்றல்ல, தேர்தல் முடியும் வரை மொத்தமாக. ஒருவருக்கோ ஒரு கடைக்கோ நீங்கள் ரொக்கமாகக் கொடுப்பதற்கும் இதே 10,000 தான் வரம்பு. ஒரு பெரியவர் மஞ்சள் பையில் 25,000 ரூபாயைக் கொண்டுவந்து நீட்டினார், ஓய்வூதியத்தில் சேர்த்ததாம். திருப்பிக் கொடுக்கவே மனசு வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மறுநாள் காசோலையாகக் கொண்டுவந்தார்.

கேட்கும் நேரம்

வேட்பாளரே பணம் கேட்கக் கூடாது என்பது என் அனுபவம். அவர் பத்து நிமிடம் பேசட்டும், தொகுதிக்கு என்ன செய்யப் போகிறார் என்பதை மட்டும். அவர் உட்கார்ந்ததும் ஏற்கெனவே பணம் கொடுத்த ஒருவர் எழுந்து, "நான் இவ்வளவு கொடுத்திருக்கிறேன், இந்தக் காரணத்துக்காகக் கொடுத்தேன்" என்று சொல்லி, கூடத்தில் இருப்பவர்களிடம் ஒரு தொகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். "முடிந்ததைக் கொடுங்கள்" என்றால் நூறோடு நின்றுவிடும். எங்களிடம் பேசிய அக்கா, "ஒரு தெருவுக்குத் துண்டறிக்கை போட ஐந்நூறு ஆகிறது, உங்கள் தெருவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மக்கள் தெருப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு அம்மா இரண்டு தெருவை எடுத்துக்கொண்டார், பிறந்த வீட்டுத் தெருவையும் சேர்த்து. இதைச் சொல்லி முடிக்கும்போதே ரசீது மேசையில் மூன்று பேர் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டம் எழுந்துவிடும்.

எவ்வளவு திரட்டுவது? 2021-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 30.80 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று இருந்தது. 2022 ஜனவரியில் அதை 40 லட்சம் ஆக்கினார்கள். சுயேச்சைகள் பெரும்பாலும் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை, ஆனாலும் இந்தக் கூட்டத்தின் செலவும் அந்த வரம்புக்குள்தான் என்பதை மறக்காதீர்கள்.

அன்று இரவு

ரொக்கமாக வந்த பணத்தை இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ரசீது அடிக்கட்டையோடு சரிபாருங்கள். போஸ்டர் ஏற்றிய வண்டியிலேயே பணத்தையும் எடுத்துப் போகாதீர்கள். வேட்பாளரோ அவருடைய ஆட்களோ போகும் வண்டியில், அல்லது பிரச்சாரப் பொருள் இருக்கும் வண்டியில், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யலாம். மறுநாள் காலை வங்கி திறந்ததும் தேர்தல் கணக்கில் கட்டிவிடுங்கள்.

அப்புறம் பதிவேடு. மனு தாக்கலின்போது தரும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடக் கணக்குக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதிலிருந்து:

வரிவிலக்கு ரசீது தரலாமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது. அரசியல் நன்கொடைக்கான வரிவிலக்குப் பிரிவு (வருமான வரிச் சட்டம், 1961-இல் அது 80ஜிஜிசி) பதிவுபெற்ற கட்சிக்கும் தேர்தல் அறக்கட்டளைக்கும் கொடுப்பதற்குத்தான், தனி வேட்பாளருக்குக் கொடுத்தால் கிடையாது. ரசீதில் அந்தப் பிரிவைத் தவறிக்கூட அச்சடிக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள்: இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அயல்நாட்டுக் குடிமக்களுக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும், கொடுக்கக் கூடாது. தேர்தல் வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 நேரடியாகவே தடுக்கிறது. பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அரசு ஊழியர்களிடம் கேட்கவே வேண்டாம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இல் ஐந்தாவது விதி அரசியல் செயல்பாட்டுக்கு நிதி கொடுப்பதையும் தடுக்கிறது, மாநில அரசு ஊழியர்களுக்கும் தனி நடத்தை விதிகள் இருக்கின்றன. நாங்கள் பழக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரைக் கூப்பிட்டுவிட்டு, வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினோம்.

ஒருவர் தன் மண்டபத்தை இலவசமாகத் தந்தால்? வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதன் வாடகை மதிப்பை அவர் பெயரில் பொருளாக வந்த நன்கொடை என்றும், அதே தொகையைச் செலவு என்றும் எழுதுங்கள். மண்டப உரிமையாளரிடம் ஒரு கடிதமும் வாங்கி ரசீதுக் கோப்பில் வையுங்கள்.