செசில் குடும்ப வம்சாவளியை நீங்களே வரையலாம்

பிரிட்டன் அரசியல் வரலாற்றுக்குள் புதிதாக நுழைபவர்களை அதிகம் குழப்புவது 'சாலிஸ்பரி பிரபு' என்ற பெயர்தான். 1605-இல் ஒரு சாலிஸ்பரி, 1886-இல் பிரதமராக ஒரு சாலிஸ்பரி, 1957-இல் அமைச்சரவையை விட்டு விலகிய இன்னொரு சாலிஸ்பரி. எல்லாருமே செசில் குடும்பம். ஒரு பெரிய தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கட்டத்துக்குள் பிறந்த பெயர் மட்டும்

பட்டம் கைமாறிக்கொண்டே இருக்கும். அதனால் கட்டத்தில் இயற்பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். பட்டங்களும் பதவிகளும் ஆண்டோடு அதற்குக் கீழே வரட்டும். உச்சியில் வில்லியம் செசில், 1520. முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558-லேயே அவருக்குச் செயலர். 1571-இல் பர்லி பிரபு. 1572 முதல் 1598-இல் இறக்கும்வரை கஜானாவின் தலைமை.

படி 2: இரண்டு கிளை பிரியுங்கள்

மூத்த தாரத்து மகன் தாமஸ், இளைய தாரத்து மகன் ராபர்ட். 1605 மே 4 அன்று ஒரே நாளில் இருவரும் ஏர்ல் (பிரபுக்களின் பட்டங்களில் ஒரு படி) ஆனார்கள். எக்ஸெட்டர் பட்டமும் பர்லி மாளிகையும் அண்ணனுக்கு. சாலிஸ்பரி பட்டம் தம்பிக்கு. தன் தியோபால்ட்ஸ் மாளிகையை முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஹாட்ஃபீல்டைப் பெற்றவர் அவர். ஆட்சியில் செல்வாக்கு தம்பிக்குத்தான் என்பதால் அண்ணன் கிளையைப் பலர் அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள், அடுத்த படியில் வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் 1789-இல் சாலிஸ்பரி ஏர்ல், அதற்கு மேல்படியான மார்க்குவிஸ் ஆனதைக் குறித்தால் போதும்.

படி 3: ஒருவரை மட்டும் முழுதாக நிரப்புங்கள்

ராபர்ட், 1830. இரண்டாம் மார்க்குவிஸின் இளைய மகன் என்பதால் முதலில் லார்டு ராபர்ட் செசில். அது வெறும் மரியாதைப் பட்டம், பிரபுக்கள் சபையில் இடம் தராது. ஆகவே 1853-இல், தேர்தலில் வென்று நுழையும் காமன்ஸ் சபைக்குப் போனார், ஸ்டாம்ஃபோர்டு தொகுதியிலிருந்து. அந்த ஊர் பர்லி மாளிகையை ஒட்டியது. தொகுதி எக்ஸெட்டர் கிளையின் கைக்குள் இருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பங்காளிகள்தான் அவரை அரசியலில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு கிளைகளுக்கும் நடுவே இங்கே ஒரு புள்ளிக்கோடு போடுங்கள்.

1865-இல் அண்ணன் இறந்ததும் கிரான்போர்ன் விஸ்கவுண்ட், 1868-இல் தந்தை இறந்ததும் மூன்றாம் மார்க்குவிஸ். மூன்று பெயர், ஒரே ஆள். 1866–67-இலும் 1874–78-இலும் இந்தியாவுக்கான அமைச்சர். தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர். இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதுவதுதான் நியாயம் என்பேன். பிறகு 1885-க்கும் 1902-க்கும் இடையே மூன்று முறை பிரதமர்.

படி 4: பெண்கள் வழிக் கோடு

பட்டம் ஆண் வழியில் போகும், பதவி அப்படியல்ல. மூன்றாம் மார்க்குவிஸின் சகோதரி பிளாஞ்சின் மகன்தான் ஆர்தர் பால்ஃபர். தாய்மாமன் 1902-இல் இறங்க, மருமகன் பிரதமர். மகள் மாடின் கணவர் செல்போர்ன் 1900-இல் கடற்படை அமைச்சர். அந்த அரசை 'ஹோட்டல் செசில்' என்றே கேலி செய்தார்கள். பெண்களின் பெயரை விட்டுவிட்டு வரைந்தால் இது எதுவும் தாளில் தெரியாது.

இளைய பிள்ளைகளையும் விடாதீர்கள். மூன்றாம் மார்க்குவிஸின் மகன் இன்னொரு லார்டு ராபர்ட் செசில். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்காக (League of Nations) உழைத்து 1937-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

படி 5: எந்தச் சபை என்று நிறம் தீட்டுங்கள்

காமன்ஸ் பச்சை, பிரபுக்கள் சபை சிவப்பு. அங்குள்ள இருக்கைகளின் நிறமே அதுதான். கடைசிக் கட்டம் 1946-இல் பிறந்த ராபர்ட். 1979-இல் பச்சை. தந்தை உயிரோடு இருக்கும்போதே 1992-இல் தனி அழைப்பாணை வழியாகச் சிவப்பு. பிரதமர் டோனி பிளேரின் அரசு பரம்பரைப் பிரபுக்களைச் சபையிலிருந்து நீக்க முனைந்தபோது, அவர்களில் 92 பேராவது நீடிக்க வேண்டும் என்று, தன் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்குக்குத் தெரியாமல் பிளேர் தரப்போடு பேசி முடித்தார். பிரபுக்கள் சபையில் கட்சியின் தலைவராக இருந்த அவரை 1998-இல் ஹேக் அந்தப் பதவியிலிருந்து நீக்கினார். 1999 சட்டத்தில் அந்த ஏற்பாடு இடம்பெற்றது. ராபர்ட்டுக்கு அதே ஆண்டு ஆயுட்காலப் பிரபு பட்டம் கிடைத்தது. அது பரம்பரையாக வந்த இடமல்ல என்பதால், அந்த ஆண்டிலிருந்து சிவப்பைக் கோடுகோடாகத் தீட்டுங்கள்.